மொட்டை மாடிப் பாய்

ஹாஸ்டலில் படித்தவர்களையும் திருவல்லிக்கேணி மேன்ஷனில் காலம் தள்ளியவர்களையும் கண்டுபிடிப்பது ரொம்பச் சுலபம். மே மாச ராத்திரி யார் வீட்டுக்கு விருந்தாளியாகப் போனாலும், சாப்பிட்டுக் கை கழுவியதும் ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள். "மொட்டை மாடிக்கு எந்தப் பக்கம் போகணும்?" கையில் பாய் இருக்கும். தலையணையும் சேர்ந்து இருந்தால் அந்த ஆள் அந்தக் காலத்தில் வார்டனுக்கு வேண்டப்பட்டவராக இருந்திருக்க வேண்டும்.

அறைக்குள் படுத்தால் என்ன? படுக்க முடியாது ஸார். மேல் மாடி அறையின் கூரை இருக்கிறதே, அது ஒரு விபரீதமான பாங்க். காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் வரை வெயிலை டெபாசிட் வாங்கிக்கொள்ளும். நாம் படுக்கிற நேரமாகப் பார்த்து, ராத்திரி ஒன்பது மணியிலிருந்து அசலும் வட்டியுமாகத் திருப்பித் தர ஆரம்பிக்கும். வேண்டாம் என்றாலும் விடாது. மின்விசிறியைப் போட்டால், அது அந்தச் சூட்டைப் பாரபட்சமில்லாமல் நாலு கட்டிலுக்கும் பங்கு போட்டுக் கொடுக்கும்.

நான் இருந்த விடுதியும் இந்த ரகம்தான். (பெயர் வேண்டாம். தாளாளர் இன்னும் திடகாத்திரமாக இருக்கிறார்.) அதைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லாரும் பெருமையாகச் சொல்வார்கள்: "ரொம்பச் சிக்கனமாகக் கட்டினது." மெல்லிய சுவர், தட்டையான கான்கிரீட் கூரை, மேற்குப் பார்த்த ஜன்னல். கட்டின அன்றைக்குச் சிக்கனம்தான். அதற்கப்புறம் ஒவ்வொரு ராத்திரியும் அந்தச் சிக்கனத்துக்குப் பணம் கட்டியது யார்? மின்சார பில்லில் நிர்வாகம் கொஞ்சம் கட்டியது. மீதியைப் பையன்கள் தூக்கத்தில் கட்டினார்கள். பி.காம். படித்த எனக்கு இது சரியான கணக்காகத் தெரியவில்லை. செலவு எங்கேயும் குறையவில்லை. ஒரு லெட்ஜரிலிருந்து இன்னொரு லெட்ஜருக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த விஷயத்தை ஏன் தர்மபுரியிலிருந்து பேச வேண்டும் என்றால், காரணம் இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் இதுதான். நூற்றுக்கு 68 சொச்சம் பேர். ஆனால் கல்லூரிகள் வராமல் இல்லை. 1965-ல் அரசு கலைக் கல்லூரி வந்தது. 2008-ல் மருத்துவக் கல்லூரி. 2013-ல் செட்டிக்கரையில் அரசு பொறியியல் கல்லூரி. பைசுஹள்ளியில் பெரியார் பல்கலைக்கழகத்தின் முதுநிலை விரிவாக்க மையம். வாசல் திறந்துதான் இருக்கிறது.

வாசல் வரைக்கும் வருவதுதான் பாடு. அரூர் தாண்டி சித்தேரி மலைக்குள் இருக்கிற ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். வீட்டில் அவள்தான் முதல் பட்டதாரி ஆகப்போகிறவள். மலையிலிருந்து இறங்க ஒரு பஸ், அரூரில் ஒரு பஸ், தர்மபுரியில் ஒரு பஸ். முதல் பஸ் அன்றைக்கு வராவிட்டால் மற்ற இரண்டும் இருந்து பிரயோஜனமில்லை. அட்மிஷன் கிடைத்துவிடும், உதவித்தொகையும் கிடைத்துவிடும். கடைசியில் அவள் அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "புள்ள எங்க தங்கும்?" அதற்கு நல்ல பதில் இல்லையென்றால், அடுத்த தை மாசம் கல்யாணப் பத்திரிகை அச்சாகிவிடும்.

ஆக, யார் படிப்பார்கள், யார் படிக்க மாட்டார்கள் என்று பாதி தீர்மானம் செய்வது ஹாஸ்டல். நாமோ அதைக் கல்லூரிக்குப் பின்னால், சைக்கிள் ஷெட்டுக்குப் பக்கத்தில், மிச்சப்பட்ட பணத்தில் கட்டுகிற கட்டடமாக வைத்திருக்கிறோம்.

மற்ற ஊர்க்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால் சுவாரசியமாக இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் மாணவர்களுக்கு அறைத் தட்டுப்பாடு வந்தபோது, 2005 வாக்கில், கப்பலில் சரக்கு ஏற்றுகிற இரும்பு கன்டெய்னர்களின் அளவிலேயே சுமார் 1000 அறைகளை அடுக்கி ஒரு குடியிருப்பே போட்டார்கள். கோபன்ஹேகனில் 2016-ல் இன்னும் ஒரு படி மேலே போய், கன்டெய்னர்களைத் துறைமுகத் தண்ணீரிலேயே மிதக்கவிட்டு, அதில் மாணவர்களைக் குடிவைத்தார்கள்.

உடனே நம் ஊரில் யாராவது கன்டெய்னர் வாங்கக் கிளம்பிவிடப் போகிறார்கள். வேண்டாம். தர்மபுரி வெயிலில் இரும்புப் பெட்டி என்பது தோசைக்கல். மிதக்கவிடலாம் என்றால் நமக்கு இருப்பது ஒகேனக்கல். அங்கே பரிசலில் உட்காருவதற்கே இஷ்ட தெய்வத்தை வேண்டிக்கொள்கிறோம், பரீட்சைக்குப் படிப்பதாவது! அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. துறைமுக ஊரில் மலிவாகக் கிடைப்பது கன்டெய்னர். தண்ணீர் சூழ்ந்த ஊரில் சும்மா கிடப்பது தண்ணீர். பக்கத்தில் எது கிடைக்கிறது என்று பார்த்து அதில் கட்டுவதுதான் பாடம்.

இதை நமக்கு வெகு முன்னாலேயே செய்து காட்டிய ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். லாரி பேக்கர். 1917-ல் இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போர் சமயம் சீனாவில் மருத்துவ சேவை செய்துவிட்டு ஊர் திரும்புகிற வழியில், பம்பாயில் கப்பலுக்காகக் காத்திருக்க வேண்டி வந்தது. அங்கே காந்தியைச் சந்தித்தார். பேக்கர் காலில் போட்டிருந்த, துணித் துண்டுகளில் தைத்த செருப்பு காந்திக்குப் பிடித்துப்போய்ப் பேச்சு வளர்ந்தது. ஒரு வீடு கட்டச் சுற்றுவட்டம் ஐந்து மைலுக்குள் கிடைக்கிற பொருள்கள் போதும் என்று காந்தி சொன்னது அவர் மனசில் தங்கிவிட்டது. பிற்பாடு இந்தியாவுக்கே வந்து, கேரளத்து டாக்டரம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டு, இமயமலை அடிவாரத்தில் பல வருஷம் இருந்துவிட்டு, திருவனந்தபுரத்தில் நிலைகொண்டார். 1990-ல் பத்மஸ்ரீ. 2007-ல் அங்கேயே காலமானார். தம்பானூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் சுருள் சுருளாக ஏறிப்போகிற சிவப்பு காபி ஹவுஸில் மசால் தோசை சாப்பிட்டிருக்கிறீர்களா? அது அவர் கட்டியதுதான்.

நம் கதைக்கு வேண்டியது திருவனந்தபுரம் உள்ளூரில் இருக்கிற சென்டர் ஃபார் டெவலப்மென்ட் ஸ்டடீஸ் என்கிற ஆராய்ச்சி நிலையம். பொருளாதார நிபுணர் கே.என். ராஜ் 1970-களின் தொடக்கத்தில் அதை ஆரம்பித்தபோது, மொத்த வளாகத்தையும் கட்டித் தரச் சொல்லி பேக்கரிடம் ஒப்படைத்தார். சுமார் 10 ஏக்கர், மேடும் பள்ளமுமான இடம். பேக்கர் மேட்டை வெட்டவில்லை, பள்ளத்தைத் தூர்க்கவில்லை. மரம் நின்ற இடத்தில் சுவர் வளைந்து போயிற்று. நூலகம், அலுவலகம், ஆண்கள் விடுதி, பெண்கள் விடுதி, குடியிருப்பு எல்லாமே பூச்சு இல்லாத செங்கல். வழக்கமான எஸ்டிமேட்டைவிட வெகு குறைவான செலவு. பொருளாதாரம் படிக்கிற பிள்ளைகள், சிக்கனம் என்றால் என்ன என்பதற்கு உதாரணமான கட்டடத்துக்குள்ளேயே தூங்கி எழுந்தார்கள்.

எப்படி மிச்சம் பிடித்தார்? மந்திரம் ஒன்றும் இல்லை. மூன்று விஷயம் சொல்கிறேன்.

முதலாவது எலிப்பொறிக் கட்டு. பெயரைக் கேட்டு பயப்பட வேண்டாம். வழக்கமாகக் கொத்தனார் செங்கல்லைப் படுக்கப் போட்டு ஒன்பது அங்குலச் சுவர் எழுப்புவார். இதில் செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி வைக்க வேண்டும். இந்தப் பக்கம் மூன்று அங்குலம் செங்கல், அந்தப் பக்கம் மூன்று அங்குலம் செங்கல், நடுவில் மூன்று அங்குலம் வெறும் காற்று. சுவர் அதே ஒன்பது அங்குலம். செங்கல்லோ ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு மிச்சம். 1,00,000 செங்கல் போகிற விடுதியில் 25,000 செங்கல் சூளையிலேயே நின்றுவிடும். நடுவில் இருக்கிற காற்று வெளிச் சூட்டை உள்ளே விடாமல் தடுக்கிற வேலையைச் சம்பளம் வாங்காமல் செய்யும்.

இரண்டாவது கூரை. கான்கிரீட் தளத்தில் மேல் பாதி அமுக்கத்தைத் தாங்குகிறது. கீழ்ப் பாதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பி. கம்பிக்குக் கம்பி நடுவில் இருக்கிற கான்கிரீட் என்ன செய்கிறது? நம் ஆபீஸில் சில பேர் செய்கிற அதே வேலைதான். இடத்தை நிரப்பிக்கொண்டு, பாரமாக, சும்மா இருக்கிறது. பேக்கர் அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓடுகளை வைத்து மேலே கான்கிரீட் போட்டார். சிமென்ட் மிச்சம், பாரம் குறைவு. பாரம் குறைந்ததால் கம்பியும் மிச்சம். கட்டிலில் மல்லாந்து படுத்தால் பார்க்கவும் அழகு.

மூன்றாவது ஜன்னல். ஜன்னல் என்றால் மரச்சட்டம், கம்பி, கண்ணாடி, கீல், கொக்கி, பெயிண்ட் என்று ஏழு கடை ஏற வேண்டும். கதவாகத் திறந்து மூட வேண்டிய இடத்தில் மட்டும் அதை வைத்துக்கொண்டு, மற்ற இடங்களில் செங்கல்லை விட்டுவிட்டு அடுக்கி, சுவரையே சல்லடை ஆக்கிவிட்டார். வெளிச்சம் வரும், காற்று வரும், பக்கத்து விடுதிக்காரர் பார்வை வராது.

இங்கே ஒரு எச்சரிக்கை. திருவனந்தபுரத்தை ஜெராக்ஸ் எடுத்து தர்மபுரியில் ஒட்டினால் உதவாது. அங்கே ஈரக்காற்று. வேர்வை காய எந்நேரமும் காற்று ஓட வேண்டும். தர்மபுரியில் வறண்ட வெயில். பகலில் வெளிக்காற்றே அனல். இங்கே சல்லடைச் சுவரை மாடிப்படிக்கும் நடைவழிக்கும் வைத்துக்கொண்டு, அறைகளை அந்த நிழலுக்குப் பின்னால் ஒதுக்க வேண்டும். பகலில் மூடி, ராத்திரி திறந்துவிடுகிற மாதிரி ஜன்னல் வேண்டும். கொசுவலை கட்டாயம். நீள அகலத்தில் நீளமான பக்கம் வடக்கும் தெற்கும் பார்க்க வேண்டும். மேற்கு வெயில் அறை மேல் விழாமல் கழிப்பறையையும் சாமான் அறையையும் அந்தப் பக்கம் தள்ளிவிட வேண்டும். இதற்கெல்லாம் ஒரு ரூபாய்கூட அதிகச் செலவில்லை. வரைபடம் போடுகிறவர் கிழக்கு எது என்று ஒரு தரம் கேட்டுக்கொண்டால் போதும்.

நம் மாதிரியே வறண்ட வெயில் ஊர் ஆப்பிரிக்காவில் புர்க்கினா ஃபாஸோ. அங்கே காண்டோ என்ற கிராமத்தில் பிறந்து பெர்லினில் கட்டடக்கலை படித்த பிரான்சிஸ் கெரே, 2001-ல் தன் ஊருக்கு ஒரு பள்ளிக்கூடம் கட்டினார். ஊர்மண்ணில் சுவர். அறைக்கு மேலே துளை விட்ட மண் கட்டித் தளம். அதற்கு மேலே இடைவெளி விட்டு, உயரத்தில், குடை பிடித்த மாதிரி ஒரு தகரக் கூரை. வெயில் தகரத்தோடு நின்றுவிடும். இடைவெளியில் ஓடுகிற காற்று சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். ஊர் ஜனங்களே கல் சுமந்தார்கள், தரை இடித்தார்கள். 2022-ல் அவருக்குக் கட்டடக்கலையின் மிகப் பெரிய பரிசான பிரிட்ஸ்கர் கிடைத்தது. தகரக் கொட்டகை என்று நாம் கேலி செய்கிற பொருளை எங்கே வைப்பது என்று தெரிந்திருந்தார், அவ்வளவே.

சரி, கணக்குக்கு வருவோம். காமர்ஸ்காரன் கணக்குப் போடாமல் கட்டுரையை முடித்தால் சாபம் பிடிக்கும்.

50 அறை. அறைக்கு ஒரு மின்விசிறி. பழைய ரகம் சுமார் 75 வாட். இப்போது வருகிற பி.எல்.டி.சி. ரகம் சுமார் 28 வாட். தினம் 10 மணி நேரம் ஓடினால் 50 விசிறியில் மிச்சம் 23.5 யூனிட். வருஷத்துக்கு 300 நாள், யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 56,400 ரூபாய். கட்டடத்தின் ஆயுள் 40 வருஷம் என்றால், நடுவில் விசிறி மாற்றுகிற செலவைக் கழிக்காமல், 22,56,000 ரூபாய். மின்விசிறி ஒன்றில் மட்டும்! டெண்டர் திறக்கும்போது விலை குறைந்த விசிறியைப் பார்த்து டிக் அடிக்கிறவர், அந்தப் பேனாவின் விலை எவ்வளவு என்று தெரியாமலே அடிக்கிறார்.

அடுத்தது தண்ணீர். தர்மபுரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு. பல்லில் கறை, எலும்பில் வலி என்று தலைமுறை தலைமுறையாகப் பட்ட கஷ்டம். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்து, 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. வானத்திலிருந்து விழுகிற மழையில் ஃபுளோரைடு தொல்லை கிடையாது. 500 சதுர மீட்டர் கூரை, வருஷத்துக்கு 800 மில்லிமீட்டர் மழை என்று வைத்தால், 4,00,000 லிட்டர். வழியில் பாதி வீணானாலும் 2,00,000. நூறு பேர் தங்குகிற விடுதிக்கு, ஆளுக்கு 100 லிட்டர் வீதம், 20 நாள் தண்ணீர். அதாவது பத்தாயிரம் லிட்டர் லாரி 20 தடவை வர வேண்டாம். வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு என்று 2003-ல் சட்டமே போட்டோம். பல விடுதிகளில் அந்தக் குழாய் இன்னும் இருக்கிறது. கிரிக்கெட் பந்து அதற்குள்தான் போய் விழும்.

இதையெல்லாம் தர்மபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு டீக்கடையில், கட்டட காண்ட்ராக்டர் ஒருவரிடம் எடுத்துவிட்டேன். நிதானமாக வடையைப் பிய்த்தபடி கேட்டுவிட்டுச் சொன்னார்:

"எல்லாம் செரி தம்பி. எஸ்டிமேட்டுல எலிப்பொறின்னு எழுதினா பில்லு பாஸ் ஆவுமா? செவுரு பூசலேன்னா, காசு தின்னுட்டான்னு என்னைத்தான சொல்லுவாங்க?"

"கொத்தனாருக்குச் சொல்லிக் கொடுத்தா செய்வாங்களாண்ணா?"

"கொத்தனாரு ஒரே வாரத்துல கத்துக்குவான். ஆபீஸருதான் கத்துக்க மாட்டாரு."

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. வேலை தெரிந்த மேஸ்திரி இல்லாமல் இதில் இறங்கினால், நடுவில் இருக்க வேண்டிய காற்றையும் கலவை போட்டு அடைத்துவிடுவார்கள். கதவு ஓரம், அடி வரிசை, கூரைக்குக் கீழ் வரிசையெல்லாம் கெட்டியாகத்தான் கட்ட வேண்டும். எல்லா மண்ணும் சுவருக்கு ஆகாது. செங்கல் நன்றாக வெந்திருக்க வேண்டும். மூன்று மாடிக்கு மேலே போவதானால் வேறு கணக்கு. ஆனால் இவையெல்லாம் கற்றுக்கொண்டால் தீருகிற கஷ்டங்கள்.

கற்றுக்கொண்டதற்கு சாட்சியும் இந்த மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. அரூர் தாலுகாவில் சிட்லிங்கி பள்ளத்தாக்கு. டாக்டர் ரெஜி, டாக்டர் லலிதா தம்பதி 1993-ல் ஒரு குடிசையில் ஆஸ்பத்திரி ஆரம்பித்த இடம். உள்ளூர்ப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்சி கொடுத்து வளர்த்தார்கள். 2000-களின் தொடக்கத்தில், கட்டடக்கலை படித்த இன்னொரு தம்பதியான அனுராதாவும் கிருஷ்ணாவும் அங்கே வந்து 'துளிர்' என்ற கல்வி மையத்தைத் தொடங்கினார்கள். பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுபோன இளைஞர்களுக்குக் கட்டட வேலை, மூங்கில் வேலை, வயரிங், பிளம்பிங் எல்லாம் அங்கே பாடமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். கையில் கரண்டியைக் கொடுத்தால் மலைக்கிராமத்துப் பிள்ளைகள் கட்டுவார்கள் என்பதற்குச் சந்தேகமே வேண்டாம்.

தர்மபுரிக்கு வேறென்ன குறை? கல்லுக்குப் பஞ்சமில்லை, வயல் வேலிக்கே கல்கால் நட்டு வைக்கிற ஊர். சூளையும் ஓடும் எட்டுகிற தூரம். வெயிலோ வேண்டிய மட்டும், சோலாரில் வெந்நீர் போட்டுக்கொள்ள. பாலிடெக்னிக்கிலும் பொறியியல் கல்லூரியிலும் சிவில் படிக்கிற பையன்கள் பிராஜெக்ட் தலைப்பு கிடைக்காமல் கடையில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். அவர்களிடம் ஒரே ஒரு அறையைக் கொடுத்துக் கட்டச் சொல்லலாம். பக்கத்தில் வழக்கமான பாணியில் ஓர் அறை. இரண்டிலும் ஒரு தெர்மாமீட்டர். ஏப்ரல், மே இரண்டு மாசம் எழுதி வைத்தால் போதும். அதற்கப்புறம் எந்த ஆபீஸர் கேட்டாலும் நோட்டுப் புத்தகத்தை நீட்டலாம்.

அரசாங்க நல விடுதிகளுக்கு 2025-ல் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் சூட்டினார்கள். நல்ல பெயர். அந்த நீதி மேல் மாடி அறைக்கும் ஏறி வர வேண்டும் என்பதுதான் என் மனு.

புது விடுதி கட்டுவது உங்கள் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை. ஆனால் ஒன்று இருக்கிறது. உங்கள் கல்லூரி முன்னாள் மாணவர் சங்கம் வருஷா வருஷம் வசூலுக்கு வருமே, வெள்ளி விழா வளைவு, நிறுவனர் சிலை, வாசலில் செயற்கை நீரூற்று என்று? அடுத்த தடவை ரசீதுப் புத்தகத்தோடு வந்தால், உட்கார வைத்துக் காபி கொடுங்கள். அப்புறம் கேளுங்கள்: "ஹாஸ்டல் கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்க எவ்வளவு ஆகும்?" வெள்ளைக் கூரை வெயிலை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். கீழே இருக்கிற அறையில் சில டிகிரியாவது குறையும். இரண்டு மழைக்காலம் போனால் மறுபடி அடிக்க வேண்டும், அதுவும் வளைவு கட்டுவதைவிட மலிவுதான்.

உங்கள் பெயரைக் கல்வெட்டில் போட மாட்டார்கள். கூரை மேல் யார் ஏறிப் பார்க்கப் போகிறார்கள்? முன்னே பாயைத் தூக்கிக்கொண்டு ஏறுவார்கள். இனி அவர்களும் கீழே தூங்கிக்கொண்டிருப்பார்கள்.